கோர்ட் கார்டு வந்தால் ஆள் தேடாதீர்கள்

டாரட் சீட்டு பார்க்கிறேன் என்று சொன்னாலே இரண்டு கேள்விகள் வரும். முதலாவது, "பலிக்குமா?" இதற்கு என்னிடம் சுவாரசியமான பதில் இல்லை. நான் எதிர்காலம் பார்ப்பதில்லை. ஒரு விஷயத்தை உட்கார்ந்து யோசிக்கச் சீட்டை வைத்துக்கொள்கிறேன், அவ்வளவுதான். இரண்டாவது, புதிதாகக் கற்றுக்கொள்பவர்கள் கேட்பது: "இந்த ராஜா, ராணி சீட்டெல்லாம் யாரைக் குறிக்கிறது?" அந்த 'யாரை'யில்தான் எல்லாச் சிக்கலும் தொடங்குகிறது என்பது என் கட்சி. கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

தெரியாதவர்களுக்கு: ஒரு டாரட் கட்டில் 78 சீட்டுகள். எந்த இனத்திலும் சேராத 'மேஜர் ஆர்கானா' சீட்டு 22 போக மீதி 56. அவை கோல், கோப்பை, வாள், காசு என்று நான்கு இனம். ஒவ்வோர் இனத்திலும் ஒன்று முதல் பத்து வரை எண் சீட்டு, அதற்கு மேல் பேஜ் (ஏவலாள்), நைட் (குதிரை வீரர்), ராணி, ராஜா. இந்தப் பதினாறுதான் கோர்ட் கார்டுகள், அதாவது அரசவைச் சீட்டுகள். நம்மில் பலர் வைத்திருப்பது 1909இல் லண்டனில் வெளிவந்த ரைடர் வெயிட் கட்டு, அல்லது அதைப் பார்த்துப் பிறகு வந்தவை. யோசனை ஆர்தர் எட்வர்ட் வெயிட்டுடையது, படங்களை வரைந்தவர் பமீலா கோல்மன் ஸ்மித். கட்டின் பெயரில் பதிப்பாளர் இருக்கிறார், வெயிட் இருக்கிறார், வரைந்த பெண் மட்டும் இல்லை. அது தனி வயிற்றெரிச்சல், இன்னொரு நாள் எழுதுகிறேன்.

ஸ்மித் எண் சீட்டுகளுக்குக் காட்சி வரைந்தார். வாள் மூன்றில் ஒரு இதயம், அதைத் துளைத்து மூன்று வாள், பின்னால் மழை. கோப்பை ஐந்தில் கறுப்பு அங்கி போட்ட ஒருவர் கவிழ்ந்து கிடக்கும் கோப்பைகளையே பார்த்துக்கொண்டு நிற்கிறார். யாரும் சொல்லித்தராமலே பாதி புரிந்துவிடும். கோர்ட் கார்டில் அப்படி எதுவும் நடப்பதில்லை. ஒருவர் உட்கார்ந்திருக்கிறார், இன்னொருவர் குதிரைமேல் இருக்கிறார். கதை இல்லாததால் நாம் உடனே ஆள் தேடக் கிளம்பிவிடுகிறோம். இங்கே சிங்கப்பூரில், சிராங்கூன் சாலைக் கிளி ஜோசியத்தில் இந்தத் தொல்லையே கிடையாது. பெரும்பாலும் சாமி படம்தான் வரும். முருகன் வந்தால் முருகன், இது என் மேலாளரா என்று யாரும் கேட்பதில்லை. (2010 உலகக் கிண்ணக் காற்பந்தின்போது லிட்டில் இந்தியாவின் மணி என்ற கிளி உலகப் புகழ் பெற்றதும், இறுதியாட்டத்துக்கு நெதர்லாந்தை எடுத்ததும், கிண்ணத்தை ஸ்பெயின் தூக்கிக்கொண்டு போனதும் இங்கே தேவையில்லாத விஷயம். சொல்லாமல் இருக்க முடியவில்லை.)

ஆள் தேடும் பழக்கத்துக்கு வெயிட்டும் ஒரு காரணம். 1911இல் வந்த அவருடைய கையேட்டில், கேள்வி கேட்பவருக்காக ஒரு சீட்டைத் தேர்ந்தெடுக்கத் தலைமுடி, கண், தோல் நிறத்தை வைத்து ஒரு விதி கொடுத்திருக்கிறார். பொன்னிற முடியும் நீலக் கண்ணும் என்றால் கோல். இளம் பழுப்பு முடி, சாம்பல் அல்லது நீலக் கண் என்றால் கோப்பை. அடர் பழுப்பு முடிக்கு வாள். கருமுடி, கருங்கண், மாநிறம் என்றால் காசு. ஞாயிற்றுக்கிழமை காலை தேக்கா மார்க்கெட்டில் போய் நின்று பாருங்கள். மீன் வாங்குபவர், மீன் விற்பவர், பை தூக்குபவர், மொத்தக் கூட்டமும் காசு இனம்! பக்கத்து புளோக் சீனப் பாட்டியும் காசு, மலாய் மாமாவும் காசு. லண்டன் வரவேற்பறையில் வேலை செய்த விதி இந்தத் தீவில் ஒரு நாள்கூடத் தாங்காது.

வயது விதி இன்னும் வேடிக்கை. அவர் கணக்கில் நாற்பதைத் தொட்ட ஆண் நைட், அதற்குக் கீழே உள்ளவன் ராஜா. பெரியவர் குதிரையில், சின்னவன் அரியணையில். பிறகு ஆங்கில மறைஞானி அலெய்ஸ்டர் குரோலிக்காக ஃப்ரீடா ஹாரிஸ் வரைந்த தோத் கட்டில் ராஜாவே இல்லை. அங்கே நைட், ராணி, இளவரசன், இளவரசி. பதினைந்தாம் நூற்றாண்டில் மிலான் பிரபு குடும்பத்துக்காகத் தீட்டிய ஒரு கட்டில் ஒவ்வோர் இனத்துக்கும் ஆறு கோர்ட் கார்டு, குதிரைமேல் பெண்களும் உண்டு. அதற்கும் பின்னால் போனால் எகிப்தின் மம்லுக் ஆட்சிக்காலச் சீட்டு. இஸ்தான்புல் டோப்காபி அரண்மனையில் ஒரு கட்டு இருக்கிறது. அதில் ராஜா, துணை, இரண்டாம் துணை என்று எழுத்தில் மட்டும் இருக்கும், முகமே கிடையாது. ஆக, இவை முதலில் பதவிகள். முகம் பின்னால் வந்து ஒட்டிக்கொண்டது.

இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், ஆள் காட்டும் ஜோசியம் நம் வீடுகளில் வம்பை இழுத்துவிடுகிறது. வாள் ராணி வந்ததும் "உங்கள் குடும்பத்தில் ஒரு கடுமையான பெண்" என்கிறார்கள். கேட்பவர் மனதில் நாத்தனார் முகம் வந்து நிற்கும். வீட்டில் வேலைக்கு இருக்கும் பெண் என்றால் அவள் வேலைக்கே ஆபத்து. வெயிட் இந்தச் சீட்டுக்குக் கொடுத்த முதல் பொருளே கைம்மை. சகுனம் பார்க்கும் நம் ஊர்க் காதில் அது எப்படி விழும் என்று சொல்ல வேண்டியதில்லை. காசு வாங்கிக்கொண்டு ஒருவர் மனதில் இன்னொருவர்மேல் சந்தேகத்தை ஊற்றுவது எனக்குச் சுத்தமாகப் பிடிக்கவில்லை.

சரி, எப்படித்தான் பார்ப்பது? நமக்கு வழி வீட்டிலேயே இருக்கிறது. அகப்பாட்டில் யாருக்கும் பெயர் சுட்டக் கூடாது என்பது தொல்காப்பிய விதி. தலைவி, தோழி, செவிலி, பாணன், அவ்வளவுதான். படிக்கும்போது "இது யார் கூற்று?" என்று கேட்போமே தவிர, அந்தத் தோழி எந்த ஊர், யார் மகள் என்று விசாரிப்பதில்லை. பிரிவு ஒன்றுதான். தலைவி ஒரு மாதிரி சொல்வாள், தோழி தலைவனிடம் குத்தலாகச் சொல்வாள், செவிலி புலம்புவாள். கோர்ட் கார்டையும் கூற்றாக எடுத்துக்கொள்ளுங்கள். உங்கள் கேள்வியை இந்தச் சீட்டின் வாயில் போட்டால் எப்படி வரும்?

இங்கே பலர் வீட்டில் இருக்கும் ஒரு கேள்வியை எடுப்போம். அம்மாவுக்கு வயதாகிவிட்டது, பார்த்துக்கொள்வது முழுக்க மகள். அண்ணனிடம் பேச வேண்டும். வாள் நைட் வந்தால்? அந்தப் படத்தில் குதிரை நாலுகால் பாய்ச்சலில் போகிறது, மரமெல்லாம் காற்றில் வளைகிறது. அவர் ராத்திரி பன்னிரண்டு மணிக்குக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் எல்லாவற்றையும் கொட்டிவிடுவார், சித்தப்பா பிள்ளைகள் உட்பட அத்தனை பேரும் படிப்பார்கள். காசு பேஜ் கையிலிருக்கும் காசையே உற்றுப் பார்க்கிறவர். முதலில் பகல்நேரப் பராமரிப்பு நிலையங்களின் கட்டணத்தை விசாரித்து, மாதம் எத்தனை வெள்ளி என்று எழுதிக்கொண்டுதான் வாயைத் திறப்பார். கோப்பை ராஜாவைப் புத்தகங்கள் எல்லாம் புகழ்கின்றன: கொந்தளிக்கும் கடல்மேல் அரியணை, முகத்தில் சலனம் இல்லை. எனக்கு அவர்மேல் சந்தேகம் உண்டு. "நான் நல்லாத்தான் இருக்கேன்" என்று சொல்லிச் சொல்லியே கடைசியில் ஆஸ்பத்திரியில் படுக்கிற ரகம்.

அப்புறம் வாள் ராணி. படத்தை நிதானமாகப் பாருங்கள். வலது கையில் வாள் நேராக நிற்கிறது, அதில் சாய்வே இல்லை. இடது கை முன்னால் நீண்டிருக்கிறது, யாரையோ வரவிடுகிற மாதிரி. இரண்டையும் சேர்த்துப் படிக்க வேண்டும். "அண்ணா, தனியாக என்னால் முடியவில்லை. சனி, ஞாயிறு நீங்கள் வரணும். எந்த வாரத்திலிருந்து முடியும், சொல்லுங்க." மரியாதை குறையவில்லை, விஷயமும் குழையவில்லை. கடுமையான பெண் என்று பெயர் வாங்கிய சீட்டு இது! அண்ணன்தான் வாள் ராணி, அண்ணிதான் வாள் ராணி என்று ஆள் தேடியிருந்தால் இந்த வாக்கியம் அவளுக்குக் கிடைத்தே இருக்காது.

சில நேரம் சீட்டு உண்மையிலேயே ஓர் ஆளைத்தான் காட்டுகிறதே என்பீர்கள். இருக்கட்டும், அதைக் கேட்பவரே சொல்லட்டும். பார்ப்பவர் சொல்லக் கூடாது. தலைகீழாக வரும் கோர்ட் கார்டை நான் நேராகவே திருப்பி வைத்துக்கொள்வேன். அதில் எனக்குப் பெரிய அக்கறை இல்லை.

கடைசியாகக் காசு நைட்டுக்கு ஒரு வக்காலத்து. நான்கு குதிரைகளில் நகராமல் நிற்பது அவருடையது மட்டும்தான், அதனால் மந்தம், சலிப்பு என்று திட்டு வாங்குகிறார். பின்னாலிருக்கும் நிலத்தைப் பாருங்கள், உழுது முடித்திருக்கிறது. செய்ய வேண்டியதைச் செய்துவிட்டு நிற்கிறவரை மந்தம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பிடிஓ, அதாவது விண்ணப்பித்த பிறகு கட்டித் தரும் அரசாங்க வீட்டுக்கு விண்ணப்பம் போட்டு, கட்டி முடிக்கும்வரை மாமியார் வீட்டு அறையில் வருடக்கணக்கில் காத்திருக்கும் தம்பதிக்கு இந்தச் சீட்டு வந்தால், "வேகம் போதாது" என்று மட்டும் தயவுசெய்து சொல்லிவிடாதீர்கள்.