பையில் வந்த லட்சமும் சட்டத்தில் போன கோடிகளும்

அமெரிக்காவில் அரசு நிலத்தை எண்ணெய்க்குக் குத்தகை விட்ட வரலாறு என்று பேச்செடுத்தாலே, யாராவது 1920களின் டீபாட் டோம் ஊழலைக் கொண்டுவந்து நிறுத்திவிடுவார்கள். (டீபாட் டோம் என்பது வயோமிங் மாநிலத்தில் கடற்படைக்கென ஒதுக்கிய ஒரு எண்ணெய் நிலம்.) நல்ல கதைதான், மறுக்கவில்லை. அமைச்சர், கோடீஸ்வரர்கள், கறுப்புப் பையில் பணம், செனட் விசாரணை, கடைசியில் ஜெயில். சினிமாவுக்கு வேண்டிய எல்லாமே இருக்கிறது. ஆனால் அதையே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருப்பதால் அதைவிடப் பெரிய விஷயம் ஒன்று மறைந்துபோகிறது என்பது என் எண்ணம். பொது நிலத்தில் அந்த மக்கள் இழந்ததை லஞ்சக் கணக்கில் தேடினால் கொஞ்சம்தான் கிடைக்கும். மீதி எல்லாம் முறைப்படி சட்டம் போட்டு, கையெழுத்து வாங்கி, ரசீதும் கொடுத்துப் போனது.

ஆரம்பத்தில் அவர்கள் அவ்வளவு தாராளமாக இல்லை. 1785ஆம் ஆண்டு நில ஆணையிலேயே தங்கம், வெள்ளி, காரீயம், செம்புச் சுரங்கங்களில் மூன்றில் ஒரு பங்கு அரசுக்கு என்று எழுதிவைத்தார்கள். 1807இல் காரீய நிலங்களை விற்காமல் குத்தகைக்கு விடச் சட்டம் வந்தது. இல்லினாய் மாநிலத்தின் கலீனா பகுதியில் அது நடைமுறைக்கும் வந்தது. ஆனால் வசூல்தான் நடக்கவில்லை. உருக்காலைக்காரர்கள் பங்கு கொடுக்க மறுத்தார்கள். காரீயம் கிடக்கும் நிலத்தை விவசாய நிலம் என்று சொல்லிச் சிலர் வாங்கிக்கொண்டார்கள்.

1845 டிசம்பரில் அதிபர் போல்க் காங்கிரஸுக்கு, அதாவது அமெரிக்க நாடாளுமன்றத்துக்கு, அனுப்பிய அறிக்கையில் இந்தக் கணக்கு பைசா சுத்தமாக இருக்கிறது. 1841 முதல் 1844 வரை நான்கு வருடங்களில் குத்தகை வரவு 6,354 டாலர் 74 சென்ட். வசூலிக்க ஆன செலவு, அதாவது மேற்பார்வையாளர், ஏஜென்ட், குமாஸ்தா சம்பளமெல்லாம் சேர்த்து, 26,111 டாலர் 11 சென்ட். சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்பது இதுதான். பழமொழியின் விகிதம்கூடக் கொஞ்சம் தாராளம். வரவு செலவில் கால் பங்குக்கும் கீழே.

இதிலிருந்து என்ன பாடம் படித்திருக்க வேண்டும்? ஒழுங்காக வசூலிக்க ஆள் போட வேண்டும் என்பதை. அவர்கள் படித்தது, குத்தகையே வேண்டாம், விற்றுவிடலாம் என்பதை. அடுத்த ஓரிரு வருடங்களில் அந்த நிலங்களை விற்கச் சட்டம் வந்துவிட்டது.

அந்த நேரம் பார்த்துத்தான் கலிபோர்னியாவில் தங்கம் அகப்பட்டது, 1848 ஜனவரி 24. அன்றைக்குக் காகிதத்தில் அந்த நிலம் மெக்சிகோவுடையது. அமெரிக்காவுக்குக் கைமாறிய ஒப்பந்தம் கையெழுத்தானது ஒன்பது நாள் கழித்து. காலங்காலமாக அங்கே வாழ்ந்த பூர்வகுடிகளை யாரும் கணக்கிலேயே எடுக்கவில்லை. தங்கத்துக்காக ஓடிவந்த கூட்டம் அவர்களைத் துரத்தியது, கொன்றது. இந்த வரலாற்றில் ‘பொது நிலம்’ என்று வரும் இடத்திலெல்லாம் அந்த நிலம் எப்படிப் பொதுவானது என்ற கேள்வியும் கூடவே நிற்கிறது. அதற்குத் தனிப் பதிவே வேண்டும்.

சரி, வந்தவர்கள் என்ன செய்தார்கள்? சட்டம் ஒன்றும் இல்லாததால் முகாமுக்கு முகாம் தாங்களே விதி வகுத்துக்கொண்டார்கள். முதலில் கண்டுபிடித்து முளை அடித்தவனுக்கு இடம் சொந்தம், வேலை செய்யாமல் போட்டுவைத்தால் உரிமை போய்விடும். பல வருடம் கழித்து காங்கிரஸ் அந்த விதிகளையே சட்டமாக்கியது. அதன் இறுதி வடிவம் 1872 மே 10ஆம் தேதி அதிபர் கிராண்ட் கையெழுத்திட்ட பொதுச் சுரங்கச் சட்டம். தாது இருக்கிறது என்று காட்டினால் போதும், ஏக்கர் ஐந்து டாலருக்கு நிலமே உங்கள் பெயருக்குப் பட்டா ஆகிவிடும். ஆற்று மணலில் சலித்தெடுக்கும் வகை என்றால் இரண்டரை டாலர். எடுக்கிற தங்கத்தில் அரசுக்கு ராயல்டி? சல்லிக்காசு கிடையாது.

1872க்கு அது நியாயமாக இருந்திருக்கலாம். ஆனால் 1994 மே மாதம் நெவாடாவில் ஒரு கனடா நிறுவனம் இதே சட்டத்தைக் காட்டி ஏறக்குறைய 2,000 ஏக்கரைப் பத்தாயிரம் டாலருக்கும் குறைவாகக் கொடுத்து வாங்கியது. அடியில் இருந்த தங்கத்தின் அன்றைய மதிப்பு சுமார் 1,000 கோடி டாலர். உள்துறைச் செயலாளர் (அங்கே பொது நிலங்களைக் கவனிக்கும் அமைச்சர்) புரூஸ் பேபிட்டுக்குத் துளியும் விருப்பமில்லை. நீதிமன்ற உத்தரவு இருந்ததால் கையெழுத்துப் போட்டார். இதில் லஞ்சம் இல்லை, பை இல்லை. எல்லாம் சட்டப்படி. அதற்குப் பிறகு புதிய பட்டாக்களை காங்கிரஸ் ஆண்டுதோறும் நிறுத்திவைத்து வருகிறது. ராயல்டி இல்லாத விதி மட்டும் அப்படியே இருக்கிறது.

எண்ணெயையும் முதலில் இந்தச் சட்டத்துக்குள்தான் திணித்தார்கள், 1897இல். பூமிக்கடியில் எண்ணெய் ஓடும் என்பதுதான் இதில் சிக்கல். பக்கத்து நிலத்தில் துளை போட்டால் உங்கள் நிலத்து எண்ணெயும் அங்கே போய்விடும், எடுத்தவனுக்கே சொந்தம். ஆகவே எல்லோரும் போட்டி போட்டுக்கொண்டு துளைத்தார்கள். 1909இல் புவியியல் ஆய்வுத் துறையின் தலைவர் ஜார்ஜ் ஓடிஸ் ஸ்மித், இந்த வேகத்தில் போனால் அரசு தான் தாரைவார்த்த எண்ணெயைத் தானே காசு கொடுத்துத் திரும்ப வாங்க வேண்டி வரும் என்று எச்சரித்தார். கடற்படைக் கப்பல்கள் நிலக்கரியிலிருந்து எண்ணெய்க்கு மாறிக்கொண்டிருந்த காலம். செப்டம்பர் 27ஆம் தேதி அதிபர் டாஃப்ட் கலிபோர்னியாவிலும் வயோமிங்கிலும் 30 லட்சம் ஏக்கருக்கு மேல் ஒரே உத்தரவில் நிறுத்திவைத்தார். அதிபருக்கு அந்த அதிகாரம் உண்டா என்ற வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், 1915இல் உண்டு என்று தீர்ப்பானது.

காங்கிரஸ் பத்து வருடத்துக்கு மேல் இழுத்தடித்து, 1920 பிப்ரவரியில் கனிமக் குத்தகைச் சட்டத்தைக் கொண்டுவந்தது. எண்ணெய், எரிவாயு, நிலக்கரி, பாஸ்பேட் இவற்றுக்கு இனி விற்பனை இல்லை, குத்தகை மட்டும். எண்ணெய் இருப்பது தெரிந்த நிலத்துக்கு ராயல்டி குறைந்தது 12.5 சதவீதம். வருமானத்தில் மாநிலங்களுக்கும் பாசன நிதிக்கும் பங்கு. மனசாரச் சொல்கிறேன், நல்ல சட்டம். நிலம் கையைவிட்டுப் போகவில்லை என்பதே பெரிய விஷயம்.

இரண்டே வருடத்தில் டீபாட் டோம். உள்துறைச் செயலாளர் ஆல்பர்ட் ஃபால் கடற்படையின் எண்ணெய் இருப்பு நிலங்களைத் தன் துறைக்கு மாற்றிக்கொண்டு, டெண்டரே இல்லாமல் எண்ணெய் முதலாளிகளான ஹாரி சின்கிளேருக்கும் எட்வர்ட் டொஹேனிக்கும் கொடுத்தார். டொஹேனியின் மகன் ஒரு லட்சம் டாலரைக் கறுப்புப் பையில் கொண்டுவந்து கொடுத்தார், ‘கடனாக’. சின்கிளேர் பக்கமிருந்து இரண்டு லட்சத்துக்கு மேல் பத்திரங்கள். 1927இல் உச்ச நீதிமன்றம் குத்தகைகளை ரத்து செய்தது. 1929இல் லஞ்சம் வாங்கிய குற்றத்துக்கு ஃபாலுக்கு ஓராண்டுச் சிறைத் தண்டனை. அடுத்த ஆண்டு அதே பணத்தை லஞ்சமாகக் கொடுத்தார் என்ற வழக்கில் டொஹேனி விடுதலை! வாங்கியது குற்றம், கொடுத்தது குற்றமில்லையாம்.

ஃபால் உள்ளே போனதும் எல்லோருக்கும் நிம்மதி. 1920 சட்டத்தில் இருந்த ஓட்டைகளை யாரும் அவசரமாக அடைக்கவில்லை. எண்ணெய் இருப்பது நிச்சயமாகத் தெரிந்த இடங்களுக்குத்தான் ஏலம். மற்ற இடங்கள் முதலில் மனுப் போட்டவருக்கு. மனுக்கள் குவியவே, பிற்பாடு குலுக்கல் சீட்டு! எண்ணெயைப் பற்றி அரிச்சுவடி தெரியாதவர்களும் விண்ணப்பம் போட்டார்கள். பெயர் விழுந்தால் கம்பெனிக்குக் கைமாற்றிவிட்டு லாபம் பார்க்கலாம் அல்லவா? எல்லா நிலமும் முதலில் ஏலத்துக்கு வர வேண்டும் என்ற திருத்தம் 1987இல்தான் வந்தது. அப்போதும் ஏலத்தில் போகாத நிலத்தை இரண்டு வருடத்துக்குக் கவுண்டரிலேயே, ஏலத்தொகை இல்லாமல், வாங்கிக்கொள்ளலாம்.

இந்த ஏலத்தின் லட்சணம் தெரிய வேண்டுமென்றால் 2008 டிசம்பர் 19 அன்று சால்ட் லேக் சிட்டியில் நடந்ததைப் பார்க்க வேண்டும். டிம் டிகிறிஸ்டோபர் என்ற பொருளாதார மாணவர் எதிர்ப்புத் தெரிவிக்கப் போயிருந்தார். வாசலில் இருந்தவர்கள் ஏலம் கேட்க வந்தீர்களா என்று கேட்டார்கள். ஆமாம் என்றார். 70 என்று எண் போட்ட அட்டையைக் கையில் கொடுத்துவிட்டார்கள். உள்ளே போய் உட்கார்ந்தவர் கையைத் தூக்கிக்கொண்டே இருந்தார். 14 துண்டு நிலம், 22,000 ஏக்கருக்கு மேல், சுமார் 18 லட்சம் டாலர். கையில் பணம் கிடையாது. அந்த ஏலத்தின் 77 குத்தகைகளைச் சில வாரங்களில் புதிய அரசே திரும்பப் பெற்றுக்கொண்டது. ஆனாலும் மாணவருக்கு இரண்டு ஆண்டுச் சிறை.

2016இல் யூட்டாவைச் சேர்ந்த பெண் எழுத்தாளர் ஒருவர் அதே மாநிலத்தில் 1,120 ஏக்கரைக் கவுண்டரில் முறைப்படி பணம் கட்டிக் குத்தகைக்கு எடுத்தார். எண்ணெய் எடுக்கப் போவதில்லை என்று வெளிப்படையாகச் சொன்னார். ரத்து செய்துவிட்டார்கள். சட்டப்படி குத்தகை எடுத்தவர் துளைக்க முயல வேண்டுமாம். இத்தனைக்கும் நிறுவனங்கள் எடுத்து வருடக்கணக்காகச் சும்மா போட்டுவைத்திருக்கும் குத்தகை நிலம் லட்சக்கணக்கான ஏக்கர். அவர்கள் செய்த புத்திசாலித்தனம், வாயைத் திறந்து சொல்லாததுதான்.

ராயல்டி விஷயம் இன்னும் மோசம். 12.5 என்பது சட்டத்தில் குறைந்தபட்ச அளவு. ஏலத்தில் விடும் நிலத்துக்கு அதிகமாகக் கேட்க எந்தத் தடையும் இல்லை. ஆனால் நூறு வருடம் பெரும்பாலும் அதையேதான் கேட்டார்கள். பக்கத்திலேயே டெக்சாஸ் மாநில அரசு தன் நிலத்துக்கு 20, 25 என்று வாங்குகிறது. கம்பெனிகள் யாரும் ஓடிவிடவில்லை. (நம் நாட்டிலும் எண்ணெய் தேடும் உரிமங்களுக்கு முன்பிருந்த நெல்ப் (NELP) கொள்கையில் நிலப்பகுதி எண்ணெய்க்கு இதே 12.5தான் இருந்தது.) 2022இல்தான் குறைந்தபட்சத்தை 16.67 ஆக்கினார்கள். மூன்றே வருடம், 2025இல் மறுபடியும் 12.5. அரை லட்சத்துக்கும் லட்சத்துக்கும் விசாரணைக் குழு போடுகிறவர்கள், நாலு சதவீதம் ஒரு வாக்கெடுப்பில் போனதை ஊழல் என்று சொல்ல மாட்டார்கள். சொல்லவும் முடியாது, அது சட்டம்.

1872 சட்டமோ இப்போது மின்சாரக் கார் காலத்துக்கு வந்து சேர்ந்திருக்கிறது. நெவாடாவின் தாக்கர் பாஸில் லித்தியம் எடுக்கும் திட்டம் கூட்டாட்சி அரசு நிலத்தில் நடக்கிறது. லித்தியம் அங்கே பழைய சட்டத்தின் கீழ்தான் வருகிறது. அரசு அந்தத் திட்டத்துக்கு 226 கோடி டாலர் கடன் கொடுக்க ஒப்புக்கொண்டது, 2025இல் 5 சதவீதப் பங்கும் எடுத்துக்கொண்டது. நிலத்துக்குச் சொந்தக்காரர் என்ற முறையில் அதற்கு வர வேண்டிய ராயல்டி இன்னமும் பூஜ்யம்.