கன்டேங்க்கில் குறை இல்லை, அதை நிறுத்திய இடம்தான் தப்பு

ராட்சத ரோபோக்களை வரிசைப்படுத்தச் சொன்னால் எல்லோரும் கன்டேங்க்கைக் கடைசியில் கொண்டுபோய் வைக்கிறார்கள். ஜப்பானியத் தொலைக்காட்சியில் 1979-ல் தொடங்கிய ‘மொபைல் சூட் கன்டாம்’ தொடரின் பீரங்கி ரோபோ அது. நாயகனின் வெள்ளை ரோபோ ஓடும், தாவும், ஒளிவாள் வீசும். கன்டேங்க்குக்கோ இடுப்புக்குக் கீழே கால்களே கிடையாது, டாங்கியின் சங்கிலிப் பட்டைகள்தான். கை விரல் இருக்க வேண்டிய இடத்தில் ஏவுகணைக் குழாய்கள். இரண்டு தோளிலும் நீளமான 120 மில்லிமீட்டர் பீரங்கிகள். பார்க்க அழகில்லை, எதிரி நெருங்கினால் திரும்பக்கூட நேரமாகும். அதனால் “பழைய காலத்து வண்டி” என்று ஒதுக்கிவிடுகிறார்கள்.

இந்தத் தீர்ப்பு தப்பு என்று பல நாளாக எனக்குத் தோன்றிக்கொண்டே இருக்கிறது. இன்றைக்கு எழுதியே விடுகிறேன்.

அதை ஒதுக்குபவர்கள் சொல்லும் காரணம் மினோவ்ஸ்கி துகள். அந்தக் கதை உலகத்தில் இந்தத் துகளைப் பரப்பிவிட்டால் ரேடார் குருடாகிவிடும், வானொலித் தொடர்பும் கெட்டுப்போகும். குறிவைத்துத் துரத்தும் ஏவுகணைக்கு வேலையில்லை. எதிரியைக் கண்ணால் பார்த்துத்தான் அடிக்க வேண்டும். மனித வடிவ ரோபோக்கள் கிட்டத்தில் நின்று வாள்சண்டை போடுவதற்கு அந்தத் தொடர் சொல்லும் நியாயம் இதுதான், நல்ல நியாயமும்கூட. ஆனால் இதிலிருந்து “அப்படியென்றால் தொலைதூரப் பீரங்கிக்கு இனி வேலையில்லை” என்று முடிவுகட்டுகிறார்களே, அங்கேதான் எனக்கு ஒப்பவில்லை.

பீரங்கிப் படை ரேடாரை நம்பிப் பிறந்ததே இல்லை. முதல் உலகப் போரில் ரேடார் ஏது? 1917 நவம்பர் 20, பிரான்ஸில் காம்ப்ரே சண்டை. ஏறத்தாழ ஆயிரம் பிரிட்டிஷ் பீரங்கிகள், முன்கூட்டிச் சுட்டுக் குறி சரிபார்க்காமல், ஒரே நேரத்தில் முழங்கின. நில அளவை, வரைபடம், காற்றின் வேகம், ஒவ்வொரு குழாயின் தேய்மானம், இவ்வளவையும் கணக்கில் எடுத்துக்கொண்டு அடித்தார்கள். எதிரியின் பீரங்கி எங்கே ஒளிந்திருக்கிறது என்பதை ஒலியை வைத்துக் கண்டுபிடித்தார்கள். வரிசையாக ஒலிவாங்கிகளை வைத்து, வெடிச்சத்தம் ஒவ்வொன்றுக்கும் எத்தனை நொடி வித்தியாசத்தில் வந்து சேர்கிறது என்று அளந்தால் பீரங்கி நிற்கும் இடம் தெரிந்துவிடும். பிரிட்டிஷ் படைக்காக இந்த முறையைச் செப்பம் செய்தவர் லாரன்ஸ் பிராக். 1915-ல் இயற்பியலுக்கான நோபல் பரிசு வாங்கியவர், அப்போது வயது 25.

மினோவ்ஸ்கி துகள் வரைபடத்தை அழிக்காது, ஒலியையும் தடுக்காது. அந்தக் கதை உலகமே இதை ஒப்புக்கொள்கிறது. அதே உலகத்தில் நடக்கும், 1996-ல் தொடங்கிய ‘08-வது எம்எஸ் டீம்’ (எம்எஸ் என்றால் மொபைல் சூட்) தொடரில், தரையைத் தொடாமல் மிதந்து செல்லும் ஒரு ஹோவர் வண்டி ரோபோக்களோடு கூடவே வரும். நின்று நிலத்தில் ஒலியுணர்வியைப் பதித்து, எதிரி ரோபோவின் காலடி அதிர்வை வைத்துத் திசை சொல்வார்கள். ஆக, கேட்கிற காது அந்த உலகத்தில் இருக்கிறது. ஒரு பாலம், ஒரு துறைமுகம், மலைக்குள் குடைந்த தளம், இவை எழுந்து ஓடப்போவதில்லை. இடம் தெரிந்தால் போதும். இன்னொன்றையும் யோசித்துப் பாருங்கள்: இன்றைய போரில் பீரங்கிக்காரர்கள் சுட்டவுடன் இடத்தை மாற்றிக்கொண்டு ஓடுவது எதனால்? பறந்துவரும் குண்டின் பாதையை ரேடார் பிடித்து, கிளம்பிய இடத்தைக் காட்டிக்கொடுத்துவிடுவதால்தான். ரேடார் செத்துப்போன உலகத்தில் அந்தப் பயம் பெரிதும் குறையும். மினோவ்ஸ்கி துகள் கன்டேங்க்குக்குக் கவசம் என்றுதான் நான் சொல்வேன்.

கால் இல்லாததையும் குறை என்று நான் ஏற்கமாட்டேன். இழுத்துச் செல்லும் பீரங்கிகளின் வால்பகுதியை மண்ணில் குத்தி நிறுத்துவது பின்னுதைப்பைத் தாங்கத்தான். அந்த உதைப்பு தோள் உயரத்தில் விழுந்தால் இரண்டு காலில் நிற்கும் ரோபோ சுடும்போதெல்லாம் மல்லாந்துவிடப் பார்க்கும். அகலமான பட்டைகள்தான் சரி.

அப்புறம் அந்தத் தூரக் கணக்கு. கன்டேங்க்கின் பீரங்கி 260 கிலோமீட்டர் வரை அடிக்கும் என்று விவரக்குறிப்பில் போடுகிறார்கள். 1918-ல் ஜெர்மனி பாரிஸை அடித்த பீரங்கியே எட்டியது 130 கிலோமீட்டர் அளவுக்குத்தான். அதன் குண்டு 40 கிலோமீட்டர் உயரம் ஏறி இறங்க மூன்று நிமிடம் ஆனது, குறி தப்பாமல் அடிக்க ஒரு முழு நகரம் தேவைப்பட்டது. ஆகவே 260 எனக்குக் கொஞ்சம் அதிகமாகவே படுகிறது. பாதியாகக் குறைத்தாலும் என் வாதம் மாறாது. 15 மீட்டர் உயரத் தலையிலிருந்து பார்த்தால் அடிவானம் ஏறத்தாழ 14 கிலோமீட்டரில் முடிந்துவிடும். அதற்கப்பால் அடிக்க வேண்டுமானால் முன்னால் போய்ப் பார்த்துச் சொல்ல ஆள் வேண்டும், செய்தி கொண்டுவரக் கம்பி வேண்டும், பக்கத்தில் காவல் வேண்டும். வாள் ரோபோ ஒரு வீரனின் கதையைச் சொல்லும். பீரங்கி ரோபோ ஒரு படையின் கதையைத்தான் சொல்ல முடியும். கன்டேங்க்கே தொடக்கத்தில் இரண்டு பேர் ஏறும் இயந்திரம், தலைக்குள் சுடுபவர், வயிற்றுக்குள் ஓட்டுபவர். பிறகு ஒருவரே இயக்கும்படி மாற்றினார்கள். எனக்கு அதில் வருத்தம் உண்டு. இரண்டு பேர் ஒருவரையொருவர் பார்க்காமலேயே குரலை மட்டும் நம்பி வேலை செய்வதில் எவ்வளவு நாடகம் இருக்கிறது!

பீரங்கி ரோபோவை மரியாதையாக நடத்திய இடமும் அந்த ‘08-வது எம்எஸ் டீம்’தான். மலைக்குள் இருக்கும் எதிரித் தளத்தை அடிக்க மூன்று கன்டேங்க்குகள் பாழடைந்த நகரத்துக்குள் நிற்கும். காவலுக்கு அந்தத் தொடர் நாயகனின் குழு. காயம்பட்டவர்களோடு ஒரு விண்கப்பல் அந்தத் தளத்திலிருந்து தப்ப வேண்டும், பீரங்கிகள் இருக்கும்வரை அது முடியாது. எதிரித் தரப்பிலிருந்து நோரிஸ் பாக்கார்ட் தனி ஆளாக இறங்குகிறான். காவல் ரோபோக்களை ஜெயிப்பது அவன் நோக்கமே இல்லை. அவர்களைத் தாண்டித் தாண்டிப் போய் பீரங்கிகளை ஒவ்வொன்றாக முடிக்கிறான். நாயகனின் வாள் தன் மேல் பாயும்போதும் கடைசி கன்டேங்க்கை வீழ்த்திவிட்டுத்தான் சாகிறான்.

எல்லோரும் நோரிஸின் வீரத்தைப் பேசுகிறார்கள், பேச வேண்டியதுதான். ஆனால் அவ்வளவு பெரிய வீரன் உயிரைக் கொடுத்து அழித்தது எதை? நாம் கடைசியில் வைக்கும் அந்த வண்டியை. இருபக்கமும் அத்தனை பேர் அன்று மோதியது அதற்காகத்தான். இவ்வளவு செய்தும் அந்தக் கப்பலைக் கடைசியில் தொலைவிலிருந்து சுடும் இன்னொரு ரோபோ வீழ்த்திவிடுகிறது.

எனக்குப் பார்க்க ஆசையாக இருக்கும் கதை ஒன்று உண்டு. மேட்டுக்குப் பின்னால் மறைந்து நிற்கும் ஒரு பீரங்கி ரோபோ, உள்ளே இரண்டு பேர், முன்னால் எங்கோ புதருக்குள் கம்பித் தொலைபேசியோடு படுத்திருக்கும் ஒரு பெண். குண்டு கிளம்பிவிட்டது. விழ இன்னும் ஒன்றரை நிமிடம். விழப்போகும் இடத்துப் பக்கத்தில் ஊர்மக்கள் நடந்துவருவதை அவள் அப்போதுதான் பார்க்கிறாள். கிளம்பிய குண்டைத் திருப்பி அழைக்க முடியாது, அடுத்ததை நிறுத்தச் சொல்லலாம், அவ்வளவுதான். வாள்சண்டை எத்தனை காட்டினாலும் இதைச் சொல்லிவிட முடியாது. யாராவது எடுங்கள், முதல் ஆளாக உட்கார்ந்து பார்க்கிறேன்.