அமுக்கினால் பேசாத எஸ்ஓஎஸ் பெட்டி

நான்குவழிச் சாலை ஓரத்தில் ஆபத்தில் உதவி கேட்பதற்கென்று எஸ்ஓஎஸ் என்று எழுதிய மஞ்சள் பெட்டி நிற்கிறதே, அதை அமுக்கினால் எதிர்முனையில் ஆள் பேச வேண்டும். பல இடங்களில் சத்தமே வராது. அப்படி என்ன பெரிய இயந்திரம் அது? ஒரு பட்டன், ஒரு மைக், ஒரு ஸ்பீக்கர், உள்ளே சிம் கார்டு, மேலே சோலார் தகடு, கூடவே ஒரு பேட்டரி. தகட்டில் லாரிப் புழுதி அப்பிக்கொண்டால் சார்ஜ் ஏறாது. அரைகுறை சார்ஜோடு வெயிலில் வேகும் லெட் ஆசிட் பேட்டரி சீக்கிரம் செத்துவிடும். அதையும் கழற்றிக்கொண்டு போகிறவர்கள் உண்டு. மைக் துளையில் குளவி மண்கூடு கட்டிவிட்டால், நாம் தொண்டை கிழியக் கத்தினாலும் அந்தப் பக்கம் கேட்காது.

ஈரத்துணியால் ஒரு துடைப்பு, மாதம் ஒருமுறை ஒரு சோதனை அழைப்பு. இதற்குக்கூடவா ஆள் இல்லை? டோல் மட்டும் ஒரு நாள் தவறுவதில்லையே!

ராத்திரியில், செத்துப்போன கைபேசியோடு, அடிபட்டவர் பக்கத்தில் நிற்பவருக்கு அந்தப் பெட்டிதான் கதி. கைபேசி வேலை செய்தால் தேசிய நெடுஞ்சாலை உதவி எண்ணான 1033 அடியுங்கள், ஆம்புலன்ஸுக்கு 108. எங்கே நிற்கிறீர்கள் என்றுதான் முதலில் கேட்பார்கள். மஞ்சள் தலை வைத்த கிலோமீட்டர் கல்லின் எண்ணையும், எந்த ஊர் நோக்கிப் போகும் பக்கம் என்பதையும் சொல்லுங்கள். இடையில் 200 மீட்டருக்கு ஒரு சின்னக் கல் இருக்கும். அதுவும் பல இடங்களில் சீமைக்கருவேலம் புதருக்குள் கிடக்கிறது. அந்தப் புதரையாவது வெட்டிவிடக் கூடாதா?