அட்வென்டிஸ்டுகளோடு சனிக்கிழமையைப் பற்றி மட்டும் சண்டை போடாதீர்கள்

சனிக்கிழமையை ஓய்வுநாளாக ஆசரிக்கும் ஏழாம் நாள் அட்வென்டிஸ்ட் சபை என்றாலே நம் சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) ஆட்களிடம் இரண்டு பதில்தான். "அவங்க சனிக்கிழமை சபை" என்பார்கள், இல்லையென்றால் "கள்ள உபதேசம்" என்பார்கள். இரண்டாவதை நான் ஏற்கவே மாட்டேன். யெகோவா சாட்சிகளையும் இவர்களையும் ஒன்றாகப் போட்டுக் குழப்புகிறவர்கள் நிறையப் பேர். திரித்துவம், இயேசுவின் தெய்வத்துவம், கிருபையால் வரும் இரட்சிப்பு எல்லாம் அட்வென்டிஸ்டுகளுக்கும் உண்டு. இரத்தம் ஏற்ற மறுப்பது யெகோவா சாட்சிகள். இவர்கள் உலகம் முழுக்க மருத்துவமனை நடத்துகிறவர்கள்.

சரி, ஓய்வுநாள். வெள்ளி பொழுது சாய்வதற்குள் சமையல் முடிந்துவிடும், கடை பூட்டியாகிவிடும். சனி சாயங்காலம் வரை அப்படித்தான். பரீட்சை சனிக்கிழமை விழுந்தால் பிள்ளைகள் படும் பாடு சொல்லி மாளாது. நம் பக்கத்துக்கு இது புதிதும் அல்ல. தூத்துக்குடி மாவட்டத்து நாசரேத் வட்டாரத்தில் சட்டம்பிள்ளை என்பவர் மிஷனரிகளை விட்டுப் பிரிந்து 1857-ல் தொடங்கிய சபை சனிக்கிழமையைத்தான் ஆசரித்தது. அட்வென்டிஸ்ட் ஊழியம் அதே வட்டாரத்துப் பிரகாசபுரத்துக்கு வந்தது அதற்கு அரை நூற்றாண்டு கழித்து.

என்னைப் பொறுத்தவரை பெரிய வித்தியாசம் மரணத்தைப் பற்றியது. துக்க வீட்டில் நாம் என்ன சொல்வோம்? "அப்பா ஆண்டவர்கிட்ட போயிட்டாங்க, மேலேயிருந்து நம்மைப் பார்க்கிறாங்க." அவர்கள் அப்படிச் சொல்ல மாட்டார்கள். "மரித்தவர்கள் ஒன்றும் அறியார்கள்" என்ற பிரசங்கி 9:5-ஐக் காட்டுவார்கள். இறந்தவர் தூங்குகிறார், இயேசு திரும்பி வரும்போது எழுந்திருப்பார். அதுவரை பரலோகத்திலும் இல்லை, நரகத்திலும் இல்லை. அப்படியானால் பேயாக வந்து யாரையும் பிடிக்கவும் முடியாது, புனிதரிடம் வேண்டுதல் வைக்கவும் வழியில்லை. துன்மார்க்கரும் காலமெல்லாம் எரிந்துகொண்டே இருக்கப்போவதில்லை, முடிவில் அழிந்துபோவார்கள். எட்டு வயதுப் பிள்ளையிடம் முடிவில்லாத தீயைக் காட்டிப் பயமுறுத்தும் வகுப்புகளைப் பார்த்தவன் என்பதால் இந்தப் போதனையை என்னால் லேசாகத் தள்ள முடியவில்லை. ஆனால் தேகத்தைவிட்டுப் பிரிந்து கிறிஸ்துவுடன் இருக்க ஆசைப்படுவதாகப் பவுல் பிலிப்பியருக்கு எழுதுகிறாரே, அந்த இடத்தில் நான் நின்றுவிடுகிறேன்.

நான் அடியோடு மறுப்பது 1844 விஷயத்தை. வில்லியம் மில்லர் என்ற அமெரிக்க பாப்டிஸ்ட் விவசாயி, தானியேல் 8:14-ல் உள்ள 2300 நாட்களை வருடங்களாக வைத்து, இயேசு எப்போது திரும்பி வருவார் என்று கணக்குப் போட்டார். அந்த வழியில் வந்த தேதி 1844 அக்டோபர் 22. இயேசு வரவில்லை. கணக்கு சரி, நடந்தது வேறு என்றார்கள் அவரை நம்பியவர்களில் மிஞ்சிய சிலர்; அவர்களிடமிருந்துதான் அட்வென்டிஸ்ட் சபை வந்தது. அன்று கிறிஸ்து பரலோக ஆலயத்தின் உள்ளறையான மகா பரிசுத்த ஸ்தலத்துக்குள் போனார், விசுவாசிகளின் வாழ்க்கையை ஆராயும் நியாயவிசாரணை தொடங்கியது என்பது இன்றும் அவர்கள் கோட்பாடு. அந்த டிசம்பரில் முதல் தரிசனம் கண்ட 17 வயதுப் பெண்தான் பிற்பாடு இந்தச் சபையை நிறுவியவர்களில் ஒருவரான எலன் ஒயிட். அவரிடம் தீர்க்கதரிசன வரம் இருந்ததாக நம்புகிறார்கள். கிறிஸ்து தம் இரத்தத்தோடு ஒரேதரம் பரிசுத்த ஸ்தலத்துக்குள் போனார் என்கிற எபிரெயர் 9:12-ஐ வாசிக்கும் எனக்கு, அவர் பரமேறியபோதே அந்த வேலை முடிந்தது. இந்தக் கோட்பாட்டைக் கேள்வி கேட்ட அவர்களுடைய ஆஸ்திரேலிய இறையியலாளர் டெஸ்மண்ட் ஃபோர்டு 1980-ல் போதகர் பொறுப்பையே இழந்தார். அது எனக்கு இன்றும் வருத்தம்.

அப்புறம் ஒன்று. அவர்கள் திருவிருந்துக்கு முன்னால் பாதம் கழுவுவார்கள். ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம். ஒரு பேசின், ஒரு துண்டு. இவர் குனிந்து அவர் காலைக் கழுவித் துடைப்பார், பிறகு அவர் இவருக்கு. போதகர் மட்டும் செய்யும் சடங்கு இல்லை, எல்லாரும் செய்வது. பேச்சுவார்த்தை இல்லாத இரண்டு பேர் எதிரெதிரே உட்கார வேண்டி வந்தால் என்ன ஆகும், யோசியுங்கள். சபைத் தேர்தலில் முறைத்துக்கொண்டு, மறு ஞாயிறே ஒரே பந்தியில் கை நீட்டும் நமக்கு இது கட்டாயம் வேண்டும். வரும் பெரிய வியாழனுக்கு (புனித வெள்ளிக்கு முந்தின நாள்) இதை வைக்கச் சொல்லி எங்கள் சபை வட்டாரத்தின் சேகரக் கமிட்டியில் கேட்கப்போகிறேன்.