முன்பக்கம் ஒன்று, பின்பக்கம் ஒன்று

நேற்றைய நேரலையைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். அமெரிக்க ஆர்கானிக் முத்திரை போட்ட சாலட் டிரெஸ்ஸிங்கில், கெட்டியாக்கச் சேர்க்கும் சாந்தன் கம் எப்படி வந்தது என்று மட்டும்தான் கேட்டேன். "சட்டமே அனுமதிக்குதும்மா, நீங்க ஏன் டென்ஷன் ஆகறீங்க?" என்று சிரித்தார் அந்த நிபுணர்.

சட்டம் எப்படி அனுமதித்தது என்பதையும் சொல்லியிருக்கலாமே சார்? அமெரிக்காவில் 1990-இல் வந்த ஆர்கானிக் சட்டம், பதப்படுத்தும்போது செயற்கைப் பொருள் சேர்க்கக் கூடாது என்றது. 2002-இல் அமலுக்கு வந்த விதிகளோ சில செயற்கைப் பொருட்களைப் பட்டியல் போட்டு அனுமதித்தன. மெய்ன் மாநிலத்தில் புளூபெர்ரி பயிரிட்ட ஆர்தர் ஹார்வி கோர்ட்டுக்குப் போனார். 2005 ஜனவரியில் மேல்முறையீட்டு நீதிமன்றம் இந்த விஷயத்தில் அவர் பக்கம் நின்றது. அந்த வருஷம் முடிவதற்குள் விவசாய நிதி ஒதுக்கீட்டு மசோதாவில் ஒரு திருத்தத்தைச் செருகி, சட்டத்தையே மாற்றிவிட்டார்கள். இப்படி மாற்றிய சட்டத்தைத்தான் என் கேள்விக்குப் பதிலாகச் சொல்கிறீர்கள்.

"வெறும் 5 சதவீதம்தானே" என்பார்கள். ஆமாம், தண்ணீரும் உப்பும் போக 95 சதவீதம் ஆர்கானிக் பொருள் இருந்தால் போதும், முன்பக்கம் பெரிதாக 'ஆர்கானிக்' என்று போடலாம். மீதியைப் பின்பக்கம் தேட வேண்டும். என் குழந்தைக்குத் தோலில் தடிப்பு வந்த நாட்களில், ஒட்டு மடிப்புக்குள் பாதி மறைந்திருந்த எழுத்தை போனில் படம் பிடித்துப் பெரிதாக்கிப் படித்திருக்கிறேன். "படிச்ச திமிரு" என்றார் நாத்தனார். அது இன்னும் வலிக்கிறது.

"சாந்தன் கம் நொதிக்க வைத்து எடுப்பது, கெடுதல் இல்லை." இருக்கட்டும். விஷம் என்று நான் எப்போது சொன்னேன்? அந்த விதிகளின் பட்டியலே அதைச் செயற்கை வரிசையில்தான் வைத்திருக்கிறது. செயற்கை என்று தெரிந்தே சேர்க்கிறீர்கள், அதை முன்பக்கத்தில் சொல்லுங்கள் என்கிறேன். சேர்க்காமல் தயாரிக்கவே முடியாதா? அப்படியென்றால் 'ஆர்கானிக் பொருட்களால் செய்தது' என்று 70 சதவீதத்துக்குத் தனி வகை இருக்கிறதே, அதைப் போட்டுக்கொள்ளுங்கள். முன்பக்கத்தில் சொல்லுங்கள், அவ்வளவுதான்.

கேள்வி கேட்டால் பீதி கிளப்புகிறவள், விவசாயிக்கு எதிரி என்று பட்டம் வேறு. விவசாயிக்கா எதிரி? தடை செய்த ரசாயனம் படாமல் 3 வருஷம் நிலத்தைக் காத்து, களையைக் கையால் பிடுங்கி, அதன் பிறகுதான் விளைச்சலை ஆர்கானிக் என்று விற்கிறார் அவர். அவர் வாங்கும் அதே வட்ட முத்திரையைத்தான் இந்த பாட்டிலிலும் ஒட்டுகிறீர்கள். அவருக்காகவும் சேர்த்துத்தான் கேட்கிறேன், இனியும் கேட்பேன்.