ஒரு காலை ஊன்றிக் காத்திருந்தவர்

ஒவ்வோர் ஏப்ரல் 22-ஆம் தேதியும் இத்தாலிய மிதிவண்டிப் பந்தய வீரர் மிக்கேலே ஸ்கார்போனியைப் பற்றி எழுத நினைத்து எழுதாமல் விட்டுவிடுகிறேன். இன்று எழுதிவிடுகிறேன்.

2016 மே 27. இத்தாலியையும் பிரான்சையும் பிரிக்கும் ஆஞ்ஞெல்லோ கணவாய், 2,744 மீட்டர் உயரம். சாலையின் இருபக்கமும் வெட்டி ஒதுக்கிய பனி சுவர்போல நிற்கிறது. மூன்று வாரம் நடக்கும் ஜிரோ டி இத்தாலியா மிதிவண்டிப் போட்டியின் 19-ஆம் கட்டம்; ஒவ்வொரு கட்டத்துக்கும் தனி வெற்றியாளர் உண்டு. அந்த உச்சியை முதல் ஆளாகக் கடக்கிறார் மிக்கேலே ஸ்கார்போனி. அன்றைய வெற்றி அவருக்கே கிடைத்திருக்கலாம். ஆனால் மலையிறங்கிய பிறகு அவர் நின்றுவிட்டார். சாலையோரமாக ஒரு காலைத் தரையில் ஊன்றி, பின்னால் வந்துகொண்டிருந்த தன் அணித்தலைவர் வின்சென்சோ நிபாலிக்காகக் காத்திருந்தார். நிபாலி வந்ததும் அவருக்கு முன்னால் ஏறிக்கொண்டு, காற்றைத் தன் மார்பில் வாங்கியபடி இழுத்துச் சென்றார். ரிசூல் மலைமுகட்டில் நிபாலி அழுதுகொண்டே வென்றார். மறுநாள், மொத்தப் போட்டியில் முன்னணியில் இருப்பவர் அணியும் இளஞ்சிவப்புச் சட்டையும் அவருடையதாயிற்று.

போட்டி என்றால் முந்துவது என்று மட்டும் நினைத்திருந்த எனக்கு, நின்று காத்திருப்பதும் இந்த விளையாட்டின் ஒரு பகுதி என்று காட்டியவர் ஸ்கார்போனி. அன்றைய வெற்றியை நிபாலி யாருக்குக் காணிக்கையாக்கினார் என்பது பலருக்கு நினைவிருக்காது. அவருடைய இளையோர் அணியில் ஓட்டிக்கொண்டிருந்த 14 வயதுச் சிறுவனுக்கு. சில வாரங்களுக்கு முன், மெசினாவில், மிதிவண்டியில் போனபோது சாலையில் அடிபட்டு இறந்துபோன பிள்ளை அவன்.

பதினொரு மாதங்களுக்குள் ஸ்கார்போனியும் அப்படியே போய்விட்டார்.

2017 ஏப்ரல் 17 அன்று ஆல்ப்ஸ் சுற்றுப் போட்டியின் முதல் நாளை இன்ஸ்புரூக்கில் வென்றார். 37 வயதில், சில ஆண்டு வறட்சிக்குப் பிறகு கிடைத்த வெற்றி. 21-ஆம் தேதி போட்டி முடிந்ததும் இத்தாலியின் ஃபிலோத்ரானோவில் இருந்த வீட்டுக்குத் திரும்பினார். அன்றிரவு அவர் பகிர்ந்த படத்தில், இரட்டைப் பிள்ளைகள் அவர் முதுகில் ஏறி உட்கார்ந்து குதிரை ஓட்டிக்கொண்டிருக்கிறார்கள். மறுநாள் சனிக்கிழமை. அவ்வளவு களைப்புக்குப் பிறகும் காலை எட்டு மணிக்கெல்லாம் பயிற்சிக்குக் கிளம்பிவிட்டார். இரண்டு வாரத்தில் நூறாவது ஜிரோ தொடங்க இருந்தது. அணியின் தலைவராக இருந்த வீரருக்குக் காயம் என்பதால், வாழ்நாளெல்லாம் பிறருக்காக உழைத்த இந்த மனிதரைத் தலைவராக்கியிருந்தது அஸ்தானா அணி. சொந்த ஊரிலேயே ஒரு சாலைச் சந்திப்பில், வழிவிட வேண்டிய வேன் ஒன்று வழிவிடவில்லை. அவ்விடத்திலேயே உயிர் போயிற்று.

வேனை ஓட்டியவர் அதே ஊர்க்காரர். குடித்திருந்தார், வெறிபிடித்த வேகத்தில் வந்தார் என்று எவரும் சொல்லவில்லை. காலை வெயில் கண்ணில் அடித்ததால் ஸ்கார்போனியைப் பார்க்கவில்லை என்றுதான் அப்போது செய்திகள் வந்தன.

இந்த இடத்தில்தான் எனக்கு மனம் ஆறுவதில்லை. 'பார்க்கவில்லை' என்பதை நாம் ஒரு விளக்கமாக ஏற்றுக்கொள்கிறோம். இறங்குவெயிலும் ஏறுவெயிலும் தினமும் வருபவை. கண் கூசினால் முன்னால் இருப்பது தெரியாது என்பது வண்டி ஓட்டும் எல்லாருக்கும் தெரியும். தெரியவில்லை என்றால் நிறுத்த வேண்டும். ஒரு விநாடி, இரண்டு விநாடி, கண் தெளியும் வரை. பிரேக்கில் காலை வைத்து அவ்வளவு நேரம் காத்திருந்தால் போதும். மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் போகும் வண்டி, ஓட்டுபவர் யோசித்து முடிக்கும் ஒரு விநாடிக்குள் 14 மீட்டர் போய்விடுகிறது. பார்க்காமல் ஓட்டிய அந்த 14 மீட்டருக்குள் யாரேனும் இருக்கலாம்.

இப்படி ஓட்டுபவரை அரக்கன் ஆக்கிவிட்டால் நமக்கு வசதி. அரக்கன் வேறு யாரோ ஒருவன் ஆகிவிடுகிறான். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அவசரத்தில் சந்திப்பைக் கடப்பவர்கள் பெரும்பாலும் நல்ல மனிதர்கள். நம் அண்ணன்கள், மாமாக்கள், நாமே. அதனால்தான் இது இவ்வளவு பயங்கரமாக இருக்கிறது.

ஒரு மிதிவண்டிக்காரர் இறந்தால் உடனே எழும் கேள்வி: தலைக்கவசம் போட்டிருந்தாரா? நானும் தலைக்கவசம் இல்லாமல் கிளம்புவதில்லை. ஆனால் ஐரோப்பாவில் விற்கும் மிதிவண்டித் தலைக்கவசம் மணிக்குச் சுமார் 20 கிலோமீட்டர் வேக மோதலுக்குத்தான் சோதிக்கப்படுகிறது என்பதை எத்தனை பேர் அறிவார்கள்? தவறி விழுந்தால் மண்டையைக் காக்கும். வேனுக்கு எதிராக அதனிடம் என்ன எதிர்பார்க்க முடியும்? அடுத்த கேள்வி: அவர் ஏன் சாலையில் பயிற்சி செய்ய வேண்டும்? வேறு எங்கே செய்வார்? கால்பந்து வீரருக்கு வேலி போட்ட மைதானம் இருக்கிறது. இவருடைய பணியிடமே சாலை. இறந்தவரை விசாரிக்கும் இந்தக் கேள்விகள் எனக்கு அருவருப்பைத் தருகின்றன.

ஸ்கார்போனி புனிதர் அல்லர் என்பதையும் மறைக்கப் போவதில்லை. ஸ்பெயினில் வெடித்த ஊக்கமருந்து விவகாரத்தில் தண்டனை அனுபவித்தவர். 2011 ஜிரோ பட்டமும் ஸ்பானிய வீரர் கான்டடோரிடமிருந்து பறிக்கப்பட்ட பிறகே அவருக்கு வந்தது. ஆனாலும் போட்டிக் கூட்டம் முழுவதும் அவரை நேசித்தது. சிரிக்கவைப்பார், சோர்ந்தவனைத் தேற்றுவார். பயிற்சியின்போது ஃபிராங்கி என்ற பஞ்சவர்ணக்கிளி பறந்து வந்து அவர் மேல் உட்கார்ந்துகொள்ளும். அதை அவரே காணொளியாகப் போடுவார். அவர் இறந்த சந்திப்பில் அந்தக் கிளி வந்து அமர்ந்திருந்ததாக வந்த செய்தியை நான் முழுதாகப் படித்து முடிக்கவில்லை. முடியவில்லை.

இறந்த மறுநாள் பெல்ஜியத்தின் லியேஜ் மிதிவண்டிப் பந்தயத்தை வென்ற ஸ்பானிய வீரர் வால்வெர்டே விரலை வானத்தை நோக்கி உயர்த்தினார். பரிசுப் பணத்தை ஸ்கார்போனி குடும்பத்துக்கே தருவதாகச் சொன்னார். 25-ஆம் தேதி ஊர் விளையாட்டுத் திடலில் நடந்த இறுதிச் சடங்குக்கு ஆயிரக்கணக்கில் கூடினார்கள். நூறாவது ஜிரோவில் அஸ்தானா அவருடைய இடத்தை நிரப்பாமல் எட்டுப் பேரோடு புறப்பட்டது.

துக்கத்துக்கு இப்படிச் சில வடிவங்கள் இருக்கின்றன. அமெரிக்காவின் செயின்ட் லூயிஸில் 2003-இல் தொடங்கிய வழக்கம், ஒருவர் விழுந்த இடத்தில் முழுக்க வெள்ளையடித்த மிதிவண்டியைக் கட்டிவைப்பது. அதே ஆண்டு டாலஸில் தொடங்கியது மௌன ஊர்வலம்: மே மாத மூன்றாம் புதன்கிழமை மாலை, ஒரு வார்த்தை பேசாமல், மெதுவாக, கூட்டமாக மிதித்துப் போவது. இவற்றை நான் மதிக்கிறேன். ஆனால் மௌனத்தோடு நின்றுவிட எனக்குச் சம்மதமில்லை.

ஸ்கார்போனியின் அண்ணன் தம்பி உறவுதான் எனக்கு வழி காட்டியது. உடன்பிறந்தவர் மார்க்கோ, மிக்கேலேயின் பெயரில் அறக்கட்டளை அமைத்துச் சாலைப் பாதுகாப்புக்காகப் பேசிவருகிறார். சாலை எல்லாருக்கும் சொந்தம், மிகவும் பலவீனமானவரிடமிருந்து தொடங்கி, என்பது அவர்கள் வாசகம். அதை அப்படியே ஏற்கிறேன். சாலையின் வேகத்தை, அகலத்தை, சந்திப்பின் வடிவத்தைக் குழந்தையையும் கிழவரையும் மிதிவண்டிக்காரரையும் மனத்தில் வைத்துத் தீர்மானிக்க வேண்டும். இத்தாலியின் பொலோஞ்ஞா நகரம் 2024 ஜனவரியில் பெரும்பாலான தெருக்களில் வேகத்தை மணிக்கு 30 கிலோமீட்டராகக் குறைத்தது. 50-இல் மோதும் வண்டியின் ஆற்றல் 30-இல் மோதுவதைப்போல் ஏறத்தாழ மூன்று மடங்கு. இதற்கு மேல் என்ன வாதம் வேண்டும்? ஆனால் அதே ஆண்டு டிசம்பரில் நாடு முழுவதற்கும் வந்த சாலைச் சட்டம், மிதிவண்டியை முந்தும்போது ஒன்றரை மீட்டர் விட வேண்டும் என்று சொல்லிவிட்டு, 'சாலை நிலைமை அனுமதித்தால்' என்று ஒரு வாலையும் சேர்த்துக்கொண்டது. இடமில்லாத சாலையில்தானே ஆள் சாகிறான்! அங்கே முந்தாமல் பின்னால் காத்திரு என்று எழுத ஏன் கை வரவில்லை?

அந்த நூறாவது ஜிரோவில், மே 23 அன்று, மோர்த்திரோலோ மலையை ஸ்கார்போனிக்குக் காணிக்கையாக்கியிருந்தார்கள். உச்சியை முதலில் கடந்தவர் அவருடைய அணித்தோழர் லூயிஸ் லியோன் சான்செஸ். அன்றைய நாளை வென்றவர் நிபாலி. பார்த்துக்கொண்டிருந்த எனக்குக் கண் நிறைந்தது. அதற்கு முந்தைய நாள்தான் செசெனா மருத்துவமனையில் மோட்டார் சைக்கிள் பந்தய உலகச் சாம்பியன் நிக்கி ஹெய்டன் இறந்திருந்தார். அதற்கு ஐந்து நாள் முன் ரிமினி அருகே, மிதிவண்டியில் பயிற்சி செய்துகொண்டிருந்தபோது, ஒரு சாலைச் சந்திப்பில் கார் மோதியிருந்தது. அவருக்கு வயது 35.