அது வெறும் சேறு இல்லை

கொழும்புக்குப் பக்கத்தில் உள்ள பெத்தகான ஈரநிலப் பூங்காவில் சனிக்கிழமை நடந்தது உங்களுக்குத் தெரியும்: ஒலிபெருக்கிப் பாட்டை நிறுத்தும்படி சில பிள்ளைகளிடம் கேட்டேன், அது காணொளியாக இணையத்தில் வந்தது. அந்தப் பிள்ளைகள் மீது எனக்குக் கோபமில்லை. கேட்டதும் நிறுத்திவிட்டார்கள். என்னைச் சுட்டது, அந்தக் காணொளியின் கீழே நம்மவர்கள் எழுதியதுதான். "ஒரு சேற்றுக் காணிக்கு இவ்வளவு ஆர்ப்பாட்டமா?"

அது வெறும் சேறு இல்லை. ஐந்து வருடமாக அந்தப் பலகைப் பாதையில் நடக்கிறேன். பெப்ரவரி வெயிலில் புல் மஞ்சளித்து நிற்கும் ஓரத்தில், மே மழைக்குப் பிறகு முழங்காலளவு தண்ணீர் நிற்கும். ஒக்டோபரில் வலசைப் பறவைகள் வரத் தொடங்கும், ஏப்ரலுக்குள் திரும்பிவிடும். இந்த நகரத்து ஈரநிலங்களில் மீன்பிடிப் பூனைகூட வாழ்கிறது.

இருதய சத்திரசிகிச்சைக்குப் பிறகு அப்பாவை நடக்கச் சொன்னார்கள். வாகனங்கள் நெரியும் காலி வீதியில் எங்கே நடப்பது? அங்கேதான் கூட்டிப்போனேன். ஒரு நாள் நீளவால் இலைக்கோழி ஒன்று, விரல்களை அகல விரித்து அல்லி இலைமேல் நடந்தது. மிதித்த இலை மெல்ல அமிழும், தண்ணீர் ஏறும், அதற்குள் கால் அடுத்த இலைக்குப் போய்விடும். அப்பா மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தார். "வன்னிக் குளத்தங்கரையில் பார்த்தது" என்றார். சில மாதம் கழித்துப் போனபோது வால் இல்லை. வேறு பறவை என்று வாதாடினார். இனப்பெருக்க காலம் முடிந்தால் அந்த வால் உதிர்ந்துவிடும் என்று சொல்லியும் நம்பவில்லை.

"மனிதருக்கே இடமில்லை, பறவைக்கு எதற்கு?" என்கிறீர்கள். 2010 நவம்பரில் பாராளுமன்ற வளாகத்துக்குள்ளேயே வெள்ளம் புகுந்தது. 2016 மே மாதம் கொழும்பை ஒட்டிய கொலன்னாவை மக்கள் படகேறி வெளியேறினார்கள். மழைநீர் தங்கும் பள்ளத்தை மண் போட்டு நிரப்பினால், அந்தத் தண்ணீர் முதலில் ஏழையின் வீட்டுக்குள்தான் ஏறும். 2018இல், ஈரநிலங்களைக் காப்பதற்கான சர்வதேச உடன்படிக்கையான ராம்சாரின் கீழ், கொழும்பு ஈரநில நகரமாக அங்கீகரிக்கப்பட்டது. அந்தப் பெயரைப் பெற்ற முதல் தலைநகரம் நம்முடையது. நம்மவர்களோ அதைச் சேறு என்கிறார்கள்.

பறவை பார்ப்பது வசதியானவர்களின் பொழுதுபோக்காம். நான் பஸ்ஸில் போகிறவன்.

பாட்டுக் கேட்பது குற்றமா என்றும் கேட்டிருந்தீர்கள். இல்லை. ஆனால் அடைகாக்கும் பறவை கூட்டை விட்டு எழுந்தால் முட்டைகள் வெயிலில் கிடக்கும். அதனால்தான் கேட்டேன். கையெடுத்துக் கும்பிட்டுத்தான் கேட்டேன். காணொளியில் அந்தப் பகுதி வெட்டப்பட்டிருக்கிறது.

அது வெறும் சேறு இல்லை. இன்னும் எத்தனை முறை சொல்வது?

அந்த "சேற்றுக் காணி" கருத்துக்கு விருப்பமிட்டவர்களில் என் மச்சானும் ஒருவன். எனக்கு வேலை இருந்த நாட்களில், அப்பாவின் கையைப் பிடித்து அந்தப் பலகையில் நடத்திப் போனவன் அவன்.